பின்சீட்டுக் கண்

ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்குது, மெதுவாவே போங்க என்று தாரணியின் அம்மா வாசல் கேட் பக்கம் நின்று சொன்னது வாணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மெதுவாகப் போனால் திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி ஸ்டேஷனுக்கு அரை மணி நேரமாவது ஆகும், அந்த அரை மணி நேரமும் தாரணி எங்கேயும் ஓட முடியாது, ஸ்கூட்டியில் முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் முதுகு வாணியின் மூஞ்சிக்கு நேராகத்தான் இருக்க வேண்டும், முதுகாவது இருக்குமே. இதற்காகத்தான் இன்றைக்குக் கடைக்கு மட்டம். லாரி சாமான் விற்கிற கடை: குஞ்சம், கறுப்புக் கயிறு, பம்பரில் மாட்டுகிற பூதமூஞ்சி, கம்பி ஏற்றினால் நுனியில் கட்டுகிற சிவப்புத் துணி. வயித்துவலி என்று சொல்லியிருந்தாள். முதலாளி நம்பவில்லை, நம்பாவிட்டால் போகட்டும். தாரணி கோயமுத்தூர் காலேஜிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். வந்த அன்றைக்கு வாணி வீட்டுப் பக்கம் வரவில்லை, நேற்றும் வரவில்லை, இன்றைக்கு மத்தியானம் போன் பண்ணி, "ஏய் புள்ள, என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு வண்டியத் திருப்பிக் கொண்டாந்து வீட்ல போட்டர்றியா, அப்பா ஊர்ல இல்ல" என்றாள். வண்டியைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வாணி. இதில் கோபப்பட என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. ஆனால் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றாளே, வண்டி கொண்டுவருவதற்கு எதற்குப் பச்சைச் சுடிதார் என்று அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. தாரணி பார்த்தாள், "ஏறு" என்றாள், அவ்வளவுதான். நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும்.

கடைசி வீடு தாண்டவில்லை, தாரணியின் போன் வெளியே வந்துவிட்டது. பை காலுக்கு முன்னால், ஹெல்மெட் பையின் மேல், போலீஸ்காரர் நிற்கிற இடம் வந்தால்தான் அது தலைக்கு ஏறும். வலது கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருந்தது, இடது கை பிரேக்கை விட்டுவிட்டுப் போனைப் பிடித்தது, கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு பூச்சி மாதிரி ஓடியது. "பாத்துக்கோ புள்ள" என்றாள் திரும்பாமலே. இது வாணிக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, அவள் ரெண்டு கையும் ஏற்கனவே தாரணியின் தோளில் இருந்தன. இடது தோளை அமுக்கினால் இடது பக்கம் போக வேண்டும், வலது தோளை அமுக்கினால் வலது பக்கம், ரெண்டையும் சேர்த்து அமுக்கினால் பிரேக். இதை அவர்கள் ஒன்பதாவதில் கண்டுபிடித்தார்கள். அப்போது சைக்கிள். தாரணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மிதிப்பாள், கேரியரில் உட்கார்ந்து வாணி தோளை அமுக்கி அமுக்கி ஓட்டுவாள், ஸ்கூல் கேட்டிலிருந்து தண்ணித் தொட்டி வரைக்கும் ஒருநாள்கூடத் தாரணி கண்ணைத் திறந்து ஏமாற்றியதில்லை. கண்ணு வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரே ஒருமுறை சாக்கடையில் விழுந்தார்கள், வாணியின் தாடையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, அன்றைக்கும் தப்பு வாணியுடையதுதான், எருமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டாள். தாரணி எழுந்து உட்கார்ந்து, முட்டியில் ரத்தம் ஒழுக, அப்போதும் கண்ணைத் திறக்காமல், "தொட்டி வந்துருச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி. அந்த மாதிரி ஒரு கேள்வியை அதற்கப்புறம் யாரும் வாணியிடம் கேட்டதில்லை. இப்போது அதே தோள், அதே கை, ஆனால் அன்றைக்குக் கண்ணை மூடினது வாணிக்காக, இன்றைக்குக் கண்ணைக் கொண்டுபோய் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ரோட்டை மட்டும் பார்த்துக்கோ என்று வாணியிடம் தள்ளிவிட்டாள். வாட்ச்மேன் வேலை. சம்பளம் கிடையாது.

வேறொருத்தியின் பேர் ரெனி. ஹாஸ்டலில் ஒரே ரூம். நாகர்கோவில் பக்கமாம். போனில் அவள் பேருக்குப் பின்னால் ஒரு பட்டாம்பூச்சிப் படம், நீலக் கலரில், அதைத் தாரணிதான் போட்டு சேவ் பண்ணியிருக்க வேண்டும், வேறு யார் போடுவார்கள். வட்டத்துக்குள் போட்டோ, கறுப்புக் கண்ணாடி, பின்னால் கடல். அவள் என்ன கறுப்பா சிவப்பா நல்லவளா கெட்டவளா என்று வாணிக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை, நல்லவளாக இருந்தால் இன்னும் மோசம். தாருக்குட்டி என்று வந்து விழுந்தது ஸ்கிரீனில். தாரு என்கிற பேர் வாணி வைத்தது. வீட்டில் தாரணி, ஸ்கூலில் தாரணி, வாணி ஒருத்திக்குத்தான் தாரு, ஆறாவதிலிருந்து. அதை எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுத்து, அவள் அதற்குப் பின்னால் ஒரு குட்டியைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறாள். குட்டி. ஐந்தடி ஏழு அங்குலம் இருக்கிறாள் இவள், குட்டியாம். வாணிக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. காலேஜுக்குப் போயிருந்தால் இந்த வயிற்றெரிச்சல் இருந்திருக்காது என்று அம்மா சொல்லுவாள், அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் அதே பதில். பன்னிரண்டாவதில் ரெண்டு பாடம் போச்சு, திரும்ப எழுதலாம் என்றார்கள், வாணிதான் எழுதவில்லை. படிப்பு ஏறவில்லை, ஏறாததை ஏறுது என்று நடிக்கப் பிடிக்கவில்லை, அதில் அவளுக்கு அழுகையும் இல்லை. தாரணி போன பஸ்ஸில் தானும் ஏற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது காலேஜுக்காக இல்லை, பக்கத்து சீட்டுக்காக. அந்த சீட்டில் இப்போது கறுப்புக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.

தாரணி ஸ்கூட்டியின் ரெண்டு கண்ணாடியையும் தன் மூஞ்சி தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தாள், பின்னால் வருகிற வண்டி எதுவும் அதில் தெரியாது, அவள் முடியும் வாயும்தான் தெரியும். அதனால் வாணி வலது கண்ணாடியில் அந்த வாயைப் பார்த்தாள். ஒரு மெசேஜ் வந்தது, வாயின் ஓரம் மேலே போனது. இன்னொன்று வந்தது, பல் தெரிந்தது. வாணி அனுப்புகிற மெசேஜுக்கு இந்த வாய் இப்படிப் போகுமா? 'சாப்ட்டியா' என்று அனுப்பினால் ரெண்டு நீலக் கோடு விழும், அதற்கப்புறம் ஒன்றும் விழாது, ராத்திரிக்கு ஒரு 'ம்' வரும். 'ம்' என்று டைப் பண்ணுகிறபோது வாய் எப்படி இருந்திருக்கும்? மூடித்தான் இருந்திருக்கும். திடீரென்று வாணி இடது தோளை அமுக்கினாள். ரோட்டில் ஒன்றுமில்லை, குழியில்லை, நாயில்லை. சும்மா அமுக்கினாள். ஸ்கூட்டி சொன்ன பேச்சைக் கேட்டு இடது பக்கம் ஒதுங்கியது, தாரணி தலையைத் தூக்கவே இல்லை.

"என்ன புள்ள?"

"குழி."

"ம்."

அந்த 'ம்' இதுதான். வாணிக்கு உள்ளங்கை ரெண்டும் சூடாகிவிட்டது. இவ்வளவு நம்புகிறாள். இப்படி அமுக்கினால் இப்படிப் போகிறாள், அப்படி அமுக்கினால் அப்படிப் போவாள், புளியமரத்துக்கு நேராக அமுக்கினால் புளியமரத்துக்கே போவாள், ரெனிக்கு இப்படி ஒரு தோள் கிடைத்திருக்குமா, அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கட்டைவிரல்தானே. வலது தோளை அமுக்கினாள். வண்டி வலது பக்கம் வந்தது, பின்னாலிருந்து ஒரு பஸ் அலறிக்கொண்டு உரசிப் போனது, காற்று ரெண்டு பேரையும் ஒரு தள்ளு தள்ளியது. பஸ் வந்ததை வாணி பார்க்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்த வாயை. "இதும் குழியா?" என்றாள் தாரணி. "ஆமா." "நம்மூரு ரோடு இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே அவள் அதையும் டைப் பண்ணினாள், ஊர் ரோட்டைப் பற்றி, சிரிப்பு மூஞ்சி போட்டு. வாணி சொன்ன பொய் நேராக நாகர்கோவில்காரிக்குப் போய்விட்டது.

இனிமேல் ரோட்டைப் பார்ப்பது என்று முடிவு பண்ணினாள். பண்ணினாள்தான். சங்ககிரிப் பக்கம் நெருங்க நெருங்க லாரிதான், ரெண்டு ஓரமும் லாரி, டீக்கடைக்கு முன்னால், பஞ்சர் கடைக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் பாதி தார்ரோட்டில் ஏறி நிற்கும். வாணிக்கு லாரியின் பின்பக்கம் எல்லாம் தெரிந்தவர்கள் மூஞ்சி மாதிரி. அந்தக் குஞ்சம் எங்க கடைது, அந்த ரிப்பன் எங்க கடைது இல்ல. சிவப்புத் துணி வெட்டுகிறபோது முதலாளி சொல்லுவார், கை அகலம் போதும் பாப்பா, போலீஸுக்குக் காட்டத்தானே, துணி என்ன மரத்துலயா காய்க்குது. அவள் கொஞ்சம் தாராளமாகவே வெட்டுவாள், அவர் பார்க்காதபோது. ஒரு லாரி போச்சு. இன்னொன்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தால் சங்ககிரி வந்துவிடும், தாரணி இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, சரி புள்ள வர்றேன் என்று போய்விடுவாள், அரை மணி நேரமும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்ததில் தீர்ந்திருக்கும். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அது என்ன என்று வார்த்தையாக வரவில்லை. நான் இன்னும் இருக்கிறேனா என்கிற மாதிரி ஒன்று. அதைக் கேட்டால் லூசு என்பாள். கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரே இடம் அந்த ஸ்கிரீன்தான், தோளுக்கு மேலே கொஞ்சம் எக்கினால் போதும். ரூமில் உட்கார்ந்திருந்தால் தாரணி போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள், வண்டியில்தான் திறந்து பிடித்திருப்பாள், ஏனென்றால் பின்னால் இருப்பவள் ரோட்டைப் பார்க்கிறாள் என்று நினைப்பு. வாணி எக்கினாள்.

தாரணி அப்போது பட்டாம்பூச்சியை விட்டு வெளியே வந்து வேறு யாரையோ தேடி விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள், பேர்கள் மேலே மேலே ஓடின, காலேஜ் குரூப், மெஸ் குரூப், அம்மா, யார் யாரோ, ரொம்பக் கீழே ஒரு பேர் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது: வாணி புது நம்பர். புது நம்பர். அவள் நம்பர் மாற்றியது பதினொன்றாவதில். அன்றைக்கு அவசரத்துக்கு அப்படிப் போட்டாள், அப்புறம் மாற்றுவேன் என்றாள். அது புது நம்பராகவே கிடக்கிறது. பட்டாம்பூச்சி வேண்டாம், ஒரு எறும்பாவது போட்டிருக்கலாம். வாணிக்குக் கண் ஓரம் சுருக்கென்றது, காற்றுதான், எதிர்க்காற்று. மறுபடியும் ரெனி. மூன்று புள்ளி துடித்தது, அவள் அங்கே டைப் பண்ணுகிறாள், அந்த மூன்று புள்ளியும் துடிக்கிறவரைக்கும் வாணியும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். விழுந்தது. வண்டி ஓட்டிக்கிட்டா மெசேஜ் பண்றே? பயமா இல்லையா உனக்கு? நிறுத்துடி முதல்ல. ஐயோ பெரிய அக்கறை, என்று நினைத்தாள் வாணி, கூடவே இன்னொன்றும் நினைத்தாள், இதை நான் ஏன் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. கட்டைவிரல் ஓடியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், வாணிக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும், ஒவ்வொரு வார்த்தையும் முளைக்க முளைக்கப் படித்தாள். பயமில்ல. பின்னாடி. வாணி. இருக்கா. அவள் பேர் அங்கே முளைத்ததும் உலகத்தில் வேறு சத்தமே இல்லாமல் போய்விட்டது. அவ. தோள்ல. கை. வெச்சிருந்தா. நான். கண்ணை. மூடிட்டே

அவ்வளவுதான் இருந்தது, அடுத்த வார்த்தை இன்னும் வரவில்லை, அடுத்த வார்த்தைக்காக வாணி இன்னும் கொஞ்சம் எக்கினாள், அந்த வாக்கியம் முடிகிறவரை உலகம் நிற்கட்டும் என்று இருந்தது, சைக்கிள், தண்ணித் தொட்டி, எல்லாம் அவளும் ஞாபகம் வைத்திருக்கிறாள், ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, சொல்லு, மூடிட்டே என்ன, மூடிட்டே என்று நெஞ்சு அடித்தது. அப்போதுதான் ஸ்கிரீனின் மேல் ஓரத்தில், போன் கண்ணாடியில் நிழலாக ஒரு சிவப்பு ஆடியது. பூ மாதிரி. தெரிந்த சிவப்பு. அவள் கையால் வெட்டுகிற சிவப்பு. ரோட்டை யாரும் பார்க்கவில்லை என்பது அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் வாணிக்கு உறைத்தது: நாலு கண்ணும் ஒரு போனில். தலையைத் தூக்கினாள். லாரி நின்றிருந்தது, பாதி தார்ரோட்டில், பின்னால் கட்டடக் கம்பி நீட்டிக்கொண்டு, கம்பி நுனி தாரணியின் மூஞ்சி உயரத்தில். வாணி ரெண்டு தோளையும் அமுக்கினாள், அமுக்கவில்லை, பிடித்துப் பிடுங்கினாள், எலும்பு கைக்கு வந்துவிடும் போல.

தாரணியின் இடது விரல்கள் பிரேக்கைத் தேடின, நடுவில் போன் இருந்தது. போன் நழுவிப் போனது. வலது பிரேக் மட்டும் பிடித்தது, முன்சக்கரம் வழுக்கியது, வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிவப்புத் துணி தாரணியின் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனதை வாணி பார்த்தாள், துணி மட்டும், கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவில் அந்தத் துணி மட்டும். அப்புறம் ஓரத்துச் சரளைக்கல்.

லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம் பாப்பா, இத்தாச்சோட்டுப் பெரிய லாரி நிக்கிறது தெரீலயா? துணி கட்டியிருக்குதல்ல? கண்ண எங்க வெச்சுட்டு வந்தீங்க?" திட்டிக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினார், பையைத் தட்டிக் கொடுத்தார், தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து தாரணியின் கையில் திணித்தார். "பெத்தவங்க அங்க நெனச்சுட்டு உக்காந்திருப்பாங்க. இதுக இங்க" என்று பாதியில் விட்டுவிட்டுத் தன் கம்பியைப் போய்ப் பார்த்து, அதைத் தொட்டு, மறுபடியும் இவர்களைப் பார்த்து, துணியை இறுக்கிக் கட்டினார்.

தாரணிக்கு முட்டி கிழிந்திருந்தது, வாணிக்குக் கை தேய்ந்து பச்சைச் சுடிதார் ஒரு பக்கம் தொங்கியது. தாரணி அப்படியே சரளையில் உட்கார்ந்து வாணியைக் கட்டிக்கொண்டாள், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "நீ இல்லீன்னா செத்திருப்பேன் புள்ள. நீ பாத்ததாலதான். நீ அமுக்கலீன்னா போயிருக்கும், தலையே போயிருக்கும்." ஷாம்பு வாசம், வியர்வை, மண். ஒரு வருசமாக வாணிக்கு வேண்டியிருந்தது எல்லாம் இப்போது கழுத்தைச் சுற்றி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காலத்துக்கும் இருக்கும், ஹாஸ்டலில் போய்ச் சொல்லுவாள், ரெனியிடம் சொல்லுவாள், என் உயிரைக் காப்பாத்தினவ என்பாள், பட்டாம்பூச்சியெல்லாம் இதற்கு முன்னால் தூசி. வாணி அதை ஒரு மூச்சு அனுபவித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல் முடியவில்லை, ஏறாததை ஏறுது என்று நடிக்க அவளுக்கு எப்போதும் வராது.

"நான் பாக்கல."

"என்ன?"

"ரோட்ட நான் பாக்கல. உன் போனைத்தான் படிச்சுட்டிருந்தேன். கடைசில போன்லதான் துணி தெரிஞ்சுச்சு."

தாரணி கையை எடுத்தாள். "எவ்ளோ நேரமா?"

"ஊரைத் தாண்டுனதுல இருந்து. குழியெல்லாம் பொய்."

"அடிப்பாவி! உன்னை நம்பித்தான்டி ஓட்டீட்டு வந்தேன்!"

"என்னை எதுக்கு நம்புற? வண்டி நீ ஓட்டுற, ரோட்ட நீ பாக்கணும். அந்த நாகர்கோவில்காரி சொன்னாளல்ல நிறுத்துன்னு. அவளுக்கு இருக்கற புத்தி நமக்கு ரெண்டு பேருக்கும் இல்ல." சொல்லி முடிக்கும்போதே, அவளுக்கு நல்ல புத்தி என்று தன் வாயாலேயே சொன்னது வாணிக்கு எரிந்தது. எரிந்த வேகத்தில் இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. "என்னை ஏன் இன்னும் புது நம்பர்னு வெச்சிருக்க?"

"என்னது?"

"வாணி புது நம்பர். அது பழசாகி எத்தன வருசமாச்சு!"

தாரணி அவளையே பார்த்தாள், முட்டியில் ரத்தம் ஒழுக, கன்னத்தில் மண்ணோடு. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "செத்துப் பொழைச்சிருக்கறோம், இதா லூசு உனக்கு இப்ப முக்கியம்?" என்றாள். ஆமாம், இதுதான். டிரைவர் போய் ரோட்டில் கிடந்த போனை எடுத்து, மண்ணை லுங்கியில் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். மேலே ஒரு விரிசல், மற்றபடி உயிரோடுதான் இருந்தது, எழுதின வரைக்கும் எழுதினபடியே நின்றது. தாரணி அதைப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் போட்டாள். சாவியை எடுத்து வாணியிடம் கொடுத்தாள். "நீ ஓட்டு. என்னால ஆகாது புள்ள."

வாணி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாரணி பின்னால் ஏறினாள், பை ரெண்டு பேருக்கும் நடுவில். வண்டி கிளம்பியது, அப்புறம் வாணியின் ரெண்டு தோளிலும் ரெண்டு கை வந்து உட்கார்ந்தன, கனமாக, அமுக்காமல். இதுவரை வாணிக்குத் தெரியாது தோள் பக்கம் இருப்பது எப்படி இருக்கும் என்று. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. மூடவில்லை. லாரிகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றையும் பார்த்தாள், சக்கரம், குஞ்சம், கம்பி இருக்கிறதா, துணி இருக்கிறதா. தூரத்தில் சங்ககிரி மலை தெரிந்தது. அப்போது நடுவிலிருந்த பைக்குள் போன் உர்ரென்றது, அவள் முதுகெலும்பில் அது ஏறியது. ஒருமுறை. மறுபடியும். யாரென்று கேட்கவே வேண்டாம், வண்டி ஓட்டிக்கிட்டா என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் அங்கே ஒருத்தி துடித்துக்கொண்டிருப்பாள், பாவம், பாவம் என்று நினைக்க வேண்டியிருந்தது, பாவம்தான், இருந்தாலும் எரிந்தது. வலது தோளிலிருந்து கை எடுபட்டது. பை ஜிப் திறக்கிற சத்தம். இடது கை இருந்தது, இருக்கிறதா, இருந்தது. என்ன எழுதுகிறாள், அந்த வாக்கியத்தை முடிக்கிறாளா, அழித்துவிட்டு வேறு எழுதுகிறாளா, கண்ணை மூடிட்டே என்பதற்கப்புறம் என்ன. கண்ணாடி ரெண்டிலும் வாணியின் மூஞ்சிதான் தெரிந்தது, கொஞ்சம் திருப்பினால் போதும், பின்னால் இருக்கிற வாய் தெரியும், ஓரம் மேலே போகிறதா மூடியிருக்கிறதா தெரியும், ஒரு கையை எடுத்தால் போதும். இடது கை பிரேக்கின் மேல் இருந்தது. அதை அங்கேயே வைத்திருந்தாள். முன்னால் ஒரு லாரி, கம்பி இல்லை, துணி இல்லை, இருந்தாலும் பார்த்தாள்.